காலடியின் நீளம்

சித்தி மகள் உள்ளூர்ப் பல்கலைக்கழகம் ஒன்றில் இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு பத்தரை மணிக்கு வாட்சாப்பில் ஒரு படம் அனுப்பினாள். நடுவில் மஞ்சள் புள்ளி, சூரியன். அதைச் சுற்றி ஒரு நீலக்கோடு கிளம்பி, பாதி வளைந்து, பிறகு மனம் மாறியதுபோல் விலகி விலகிப் படத்தின் ஓரத்தைத் தாண்டிப் போயிருந்தது.

"அண்ணே, கோட் நல்லா ஓடுது. கோள்தான் ஓடிப் போயிடுது."

சிரித்துவிட்டேன். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. செவ்வாய்க்கிழமை அசைன்மெண்ட் அனுப்ப வேண்டுமாம். நியூட்டனின் ஈர்ப்பு விதியை வைத்துக் கோளின் பாதையைக் கணினியில் வரைய வேண்டும். கால் மணி நேரத்தில் அடுத்த படம் வந்தது. இப்போது அழகான நீள்வட்டம். செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றிடம் கேட்டாளாம், இரண்டு வரியை மாற்றிக் கொடுத்துவிட்டதாம்.

"சரி, முடிஞ்சதுதானே?" என்றேன்.

"முடிஞ்சது. ஆனா என்னோடது ஏன் தப்புன்னு இன்னும் தெரியல. ரெண்டுலயும் நியூட்டன் விதி ஒண்ணுதானே?"

இந்தக் கேள்வியை நான் என் படிப்புக் காலத்தில் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. இறுதியாண்டுத் திட்டத்துக்கு ஒரு மின்னணுப் பெட்டிக்குள் வெப்பம் எப்படிப் பரவுகிறது என்று மென்பொருளில் ஓட்டிக் காட்டினேன். சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம் என்று திரை முழுக்கத் தீபாவளி. அந்தப் படங்களை ஆர்ட் தாளில் அச்சடித்து, அறிக்கைக்குத் தோல் அட்டை போட்டுக் கொண்டுபோனேன். இப்படிப்பட்ட மென்பொருள் பொருளைச் சிறுசிறு கட்டங்களாக வெட்டித்தான் கணக்குப் போடும். அந்த வலைக்கு மெஷ் என்று பெயர். வந்திருந்த தேர்வாளர் படங்களைப் புரட்டிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இந்த மெஷ்ஷைப் பாதியாக்கினால் இந்த எண் மாறுமா?"

எனக்குத் தெரியவில்லை. நான் பாதியாக்கிப் பார்த்ததே இல்லை. மென்பொருள் தானாக ஒரு அளவைத் தேர்ந்தெடுத்தது, நான் சரி என்று பொத்தானை அழுத்தினேன். அவ்வளவுதான் நான்கு மாத உழைப்பு. நல்ல மதிப்பெண்தான் கிடைத்தது, அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது. எனக்கு ஒன்றும் தெரியாது என்பது அந்த அறையில் இரண்டு பேருக்கு மட்டும் தெரியும்: அவருக்கும் எனக்கும்.

அறிவியல் மாணவர்களுக்குச் சிமுலேஷன் சொல்லித்தருவது என்றால் உண்மையில் எதைச் சொல்லித்தருவது? இந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு இருக்கிறது. நான் வேலைக்குச் சேர்ந்த பிறகு, மாணவனாக இல்லாதபோதுதான், அதைத் தேடிப் படித்தேன்.

*

முதலில் சொல். சிமுலேஷனுக்குத் தமிழில் 'உருவகப்படுத்தல்' என்கிறார்கள், 'பாவனை' என்றும் பார்த்திருக்கிறேன். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். சின்ன வயதில் கொட்டாங்கச்சியில் சோறு சமைப்போமே, அந்தப் பாவனை. அடுப்பில் நெருப்பு இல்லை என்று விளையாடும் எல்லாருக்கும் தெரியும், ஆனாலும் குழம்பு எப்போது கொதிக்கும் என்பதில் சண்டை வரும். சிமுலேஷனும் தெரிந்தே சொல்லும் ஒரு பொய்தான்.

எது அந்தப் பொய்? கோளைச் சூரியன் இழுக்கிறது. இழுப்பின் அளவும் திசையும் கோள் இருக்கும் இடத்தைப் பொறுத்தவை. இழுப்பதால் கோள் நகர்கிறது. நகர்ந்ததால் இழுப்பு மாறுகிறது. மாறிய இழுப்பு நகர்வை மாற்றுகிறது. இது ஒன்றின் வாலை ஒன்று கவ்விய பாம்பு. அதனால் ஒரு சின்ன நேரத்துக்கு இழுப்பு மாறவில்லை என்று வைத்துக்கொள்வோம். அந்த நேரத்துக்குக் கோளை நகர்த்துவோம். புது இடத்தில் இழுப்பை மறுபடி கணக்கிடுவோம். மறுபடி நகர்த்துவோம். அந்தச் சின்ன நேரத்தைத்தான் நான் இந்தக் கட்டுரையில் காலடி என்கிறேன். காலத்தில் வைக்கும் அடி. காலடி எவ்வளவு நீளமோ, பொய்யும் அவ்வளவு பெரிது.

1961-இல் கலிபோர்னியாவின் கால்டெக் கழகத்தில் முதலாண்டு மாணவர்களுக்கு ரிச்சர்ட் ஃபைன்மேன் இயற்பியல் வகுப்பு எடுக்கத் தொடங்கினார். அந்த விரிவுரைகள் பிறகு மூன்று தொகுதிகளாக வந்தன, இன்றும் படிக்கிறார்கள். முதல் தொகுதியின் ஒன்பதாவது அத்தியாயம் நியூட்டனின் இயக்க விதிகள். அதில் அவர் ஒரு கோளைக் கையாலேயே நகர்த்திக் காட்டுகிறார். வழக்கமாகப் பாடப்புத்தகங்கள் என்ன செய்யும்? நுண்கணிதத்தை வைத்துப் பாதை நீள்வட்டம்தான் என்று நிறுவும். அது சரி, ஆனால் முதலாண்டு மாணவனுக்கு அந்தக் கணிதம் இன்னும் வந்திருக்காது. ஃபைன்மேன் கூட்டல், பெருக்கல், வர்க்கமூலத்தோடு நிறுத்திக்கொள்கிறார்.

சூரியன் நடுவில். கோள் 0.500 தூரத்தில். பக்கவாட்டில் 1.630 வேகம். காலடி 0.100. அலகுகளைப் பற்றிக் கவலைப்படாமலிருக்க ஈர்ப்பு மாறிலியையும் சூரியனின் நிறையையும் பெருக்கி 1 என்று வைத்துக்கொள்கிறார். அப்புறம் ஓர் அட்டவணை. ஒவ்வொரு வரியிலும் இடம், வேகம், முடுக்கம். இருபத்தோரு காலடியில் கோள் சூரியனின் மறுபக்கத்துக்கு வந்துவிடுகிறது. புள்ளிகளைச் சேர்த்தால் நீள்வட்டத்தின் பாதி. மீதிப் பாதி இதன் கண்ணாடிப் பிம்பம்.

ஃபைன்மேனுக்கு இது திடீரென்று தோன்றிய யோசனை இல்லை. இரண்டாம் உலகப் போரின்போது லாஸ் அலமோஸில் அணுகுண்டுக்கான கணக்குகளைப் போட்ட பிரிவை அவர் நடத்தினார். அங்கே ஐபிஎம் துளையட்டை எந்திரங்கள் இருந்தன. அவற்றுக்கு முன்னும் பக்கத்திலும் கையெந்திரங்களோடு மனிதர்கள் இருந்தார்கள். பெரிய கணக்கைச் சிறு காலடிகளாக வெட்டி ஆளுக்கொன்றாகக் கொடுத்தால் என்ன நடக்கும், எங்கே பிசகும் என்று அவருக்குக் கைப்பழக்கமாகத் தெரியும்.

என் தங்கையின் நிரலும் இதையேதான் செய்தது. பிறகு ஏன் கோள் ஓடியது?

அவள் நிரலில் ஃபைன்மேனின் எண்களைப் போட்டு ஓட்டிப் பார்த்தேன். தொடக்கத்தில் கோளின் வேகம் முழுக்கப் பக்கவாட்டில். ஆகவே முதல் காலடியில் அவளுடைய கோள் நேர்கோட்டில் பக்கவாட்டில் மட்டும் நகர்கிறது. சூரியனை நோக்கி ஒரு மயிரிழைகூடச் சாயவில்லை. கிடைமட்டத் தூரம் அதே 0.500. ஃபைன்மேனின் அட்டவணையில் அது 0.480. அவர் ஒரு சிறு தந்திரம் செய்கிறார்: காலடியின் தொடக்கத்தில் இருக்கும் வேகத்தை எடுக்காமல், காலடியின் நடுவில் இருக்கும் வேகத்தை எடுத்து நகர்த்துகிறார். ஈப்போ டோல் சாவடியிலிருந்து கிளம்பும் கார் அடுத்த அரை மணியில் எவ்வளவு தூரம் போகும் என்று கேட்டால், சாவடியில் ஊர்ந்துகொண்டிருந்த வேகத்தை வைத்தா சொல்வோம்? அரை மணியின் நடுவில் என்ன வேகத்தில் போகும் என்று பார்த்துத்தானே சொல்வோம். அதேதான். நிரலில் பார்த்தால் வித்தியாசம் அந்த இரண்டு வரிதான்.

ஆனால் விளைவு? கோளின் மொத்த ஆற்றல் மாறக்கூடாது, இயற்கையில் மாறாது. தொடக்கத்தில் அது −0.672. தங்கையின் நிரலில் ஒரே காலடியில் −0.493. ஐந்தாவது காலடியில் −0.118. சுழியத்தைத் தொட்டால் கோள் சூரியனிடமிருந்து விடுதலை. அதாவது யாரும் தள்ளாமலே அவளுடைய கோளுக்கு ஒவ்வோர் அடியிலும் ஆற்றல் சும்மா கிடைத்துக்கொண்டிருந்தது. நிரலில் பிழை இல்லை. விதியில் பிழை இல்லை. பொய்யைச் சொன்ன விதத்தில்தான் பிழை.

*

சிமுலேஷன் வரலாற்றில் மிகப் பெரிய தவறான விடை லூயிஸ் ஃபிரை ரிச்சர்ட்சன் என்ற ஆங்கிலேயருடையது. எனக்கு ஃபைன்மேனைவிட இவரைப் பிடிக்கும்.

ரிச்சர்ட்சன் குவேக்கர் சமயத்தவர், போரில் ஆயுதம் தொடமாட்டேன் என்றவர். முதல் உலகப் போரில் நண்பர்கள் ஆம்புலன்ஸ் பிரிவில் சேர்ந்து பிரான்சில் காயம்பட்டவர்களை ஏற்றி இறக்கும் வண்டி ஓட்டினார். ஓய்வுக்கு அனுப்பப்பட்ட குளிர்ந்த கொட்டகையில் வைக்கோல் குவியல் ஒன்றின்மேல் உட்கார்ந்து, வானிலையைக் கணக்குப் போட்டுச் சொல்ல முடியுமா என்று பார்த்தார். 1910 மே 20-ஆம் தேதி ஐரோப்பாவில் பதிவான காற்றழுத்தம், காற்று, வெப்பநிலை விவரங்கள் அவரிடம் இருந்தன. அன்று காலையிலிருந்து ஆறு மணி நேரத்தில் நடு ஐரோப்பாவில் என்ன ஆகும்? கணக்குப் போட ஏறக்குறைய ஆறு வாரம் ஆயிற்று. நடந்து முடிந்து பல ஆண்டுகளான ஒரு நாளுக்கு முன்கணிப்பு!

1917 ஏப்ரலில் ஷாம்பேன் போரின்போது அந்தக் கைப்பிரதி தொலைந்துபோனது. சில மாதம் கழித்து பெல்ஜியத்தில் ஒரு நிலக்கரிக் குவியலுக்கு அடியில் கிடைத்தது. கிடைக்காமலே போயிருந்தால் வானிலை அறிவியலுக்கு என்ன ஆகியிருக்கும் என்று யோசிப்பேன். அப்புறம், கிடைத்ததில் இருந்த விடையை நினைத்தால் சிரிப்பும் வரும்.

விடை இதுதான்: ஆறு மணி நேரத்தில் காற்றழுத்தம் 145 ஹெக்டோபாஸ்கல் உயரும். வழக்கமான கடல்மட்டக் காற்றழுத்தம் 1013. உலகில் கடல்மட்டத்தில் இதுவரை பதிவான மிகக் குறைந்த அளவு 870, 1979 அக்டோபரில் பசிபிக்கில் டிப் சூறாவளியின் நடுவே. அதாவது ஓர் அமைதியான நாளுக்கும் உலகின் ஆகக் கடும் சூறாவளிக்கும் உள்ள இடைவெளியைவிட அதிகமான மாற்றத்தை ஜெர்மனியின் ஒரு சாதாரண வசந்தகாலக் காலைக்கு அவர் கணித்துவிட்டார். அன்று உண்மையில் அழுத்தம் ஏறத்தாழ அப்படியே இருந்தது.

நானாக இருந்தால் கைப்பிரதியை மறுபடி நிலக்கரிக்கு அடியில் வைத்திருப்பேன். அவர் 1922-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகத்தில் புத்தகமாகப் போட்டார். தவறான விடையோடு. ஒவ்வொரு படியையும் எந்த வரிசையில் கணக்கிட்டார் என்ற படிவங்களோடு. தொடக்கத்தில் எடுத்துக்கொண்ட காற்று விவரங்களில்தான் கோளாறு இருக்க வேண்டும் என்று அதிலேயே எழுதினார். அதே புத்தகத்தில்தான் அந்தக் கனவும் வருகிறது: பெரிய அரங்கு ஒன்றில் 64,000 மனிதக் கணிப்பாளர்கள், ஆளுக்கு உலகின் ஒரு துண்டு, நடுவில் மேடையில் ஒருவர் இசைக்குழுவை நடத்துவதுபோல் எல்லாரையும் ஒரே வேகத்தில் நகர்த்துகிறார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு படியும் புத்தகத்தில் இருந்ததால்தான் பிற்காலத்தில் அயர்லாந்தின் பீட்டர் லின்ச் அதே கணக்கை மறுபடி போட்டுப் பார்க்க முடிந்தது. தொடக்க விவரங்களில் அழுத்தமும் காற்றும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. அந்தப் பொருத்தமின்மை பொய்யான பேரலைகளைக் கிளப்பிவிடும். லின்ச் விவரங்களை முதலில் மென்மைப்படுத்தி, பிறகு ரிச்சர்ட்சனின் முறையையே ஓட்டினார். நம்பத்தக்க சிறிய எண் வந்தது. ரிச்சர்ட்சனின் முறை சரி, அவர் சந்தேகப்பட்ட இடமும் சரி. விடையை மட்டும் அச்சிட்டுப் படியை மறைத்திருந்தால் இது யாருக்குத் தெரிந்திருக்கும்?

போருக்குப் பிறகு வானிலை அலுவலகத்தை விமானப்படை சார்ந்த அமைச்சகத்தின் கீழ் கொண்டுவந்தபோது ரிச்சர்ட்சன் 1920-இல் வேலையை விட்டார். அதன் பிறகு அவர் வாழ்நாளில் பெரும்பகுதி ஆசிரியர்தான். முதலில் லண்டனில் ஓர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இயற்பியல், பிறகு ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லியில் தொழில்நுட்பக் கல்லூரியின் முதல்வர். 1950-இல் அமெரிக்காவில் எனியாக் கணினியில் முதல் கணினி வானிலைக் கணிப்பு ஓடியது. 24 மணி நேரத்துக்கான கணிப்பைப் போட ஏறக்குறைய 24 மணி நேரம் ஆனது, வானிலையும் கணினியும் சம வேகத்தில் ஓடின. அதை நடத்திய ஜூல் சார்னி முடிவுகளை ரிச்சர்ட்சனுக்கு அனுப்பிவைத்தார். அவர் பார்த்து வாழ்த்தினார். மூன்று ஆண்டுகளில் இறந்துபோனார்.

*

கணினி வந்த பிறகு படி எங்கே போனது? லாஸ் அலமோஸில் இன்னொரு கதை இருக்கிறது. 1950-களின் தொடக்கம். என்ரிகோ ஃபெர்மி, ஜான் பாஸ்டா, ஸ்டானிஸ்லாவ் உலாம் மூவரும் மேனியாக் கணினியில் ஒரு பாவனைக் கம்பியை ஆட்டிப் பார்த்தார்கள். சுருள்வில்லால் கோத்த சில பத்துப் புள்ளிகள், வில்லில் சின்னக் கோணல். ஒரே அதிர்வில் ஆற்றலைக் கொடுத்தால் அது நாளடைவில் எல்லா அதிர்வுகளுக்கும் பரவிவிடும் என்பதுதான் எதிர்பார்ப்பு, காப்பியில் சீனி கரைவதுபோல. பரவத் தொடங்கியது. பிறகு கிட்டத்தட்ட முழுவதும் முதல் அதிர்வுக்கே திரும்பி வந்தது! கரைந்த சீனி மறுபடி கட்டியாகி கோப்பையின் அடியில் உட்கார்ந்த மாதிரி. கணினி விடை சொல்லும் பெட்டி என்பதிலிருந்து, கேள்வி எழுப்பும் சோதனைச்சாலை என்று ஆன தருணம் இது என்பார்கள்.

1955 மே மாத அறிக்கையில் வேலை செய்தவர்கள் என்று நான்கு பெயர், எழுதியவர்கள் என்று மூன்று பெயர். நான்காவது பெயர் மேரி சிங்கு. மேனியாக்கிற்குப் புரியும்படி அந்தக் கணக்கைப் படிப்படியாக வெட்டி நிரலாக்கியவர் அவர்தான். அரை நூற்றாண்டுக்கும் மேல் இயற்பியல் நூல்கள் அதை மூவர் பெயரின் முதல் எழுத்துகளால்தான் அழைத்தன. 2008-க்குப் பிறகுதான் நான்காவது எழுத்தைப் பலர் சேர்க்கத் தொடங்கினார்கள். படியை மறைப்பதில் இப்படியும் ஒரு வகை உண்டு: படி போட்டவரையே மறைப்பது.

வகுப்பறைக்கு இதைக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் ஜான் கெமனி. அவரும் போரின் இறுதியில் இளம் சிப்பாயாக லாஸ் அலமோஸின் கணக்கீட்டு வேலையில் இருந்தவர், பிறகு ஐன்ஸ்டைனுக்கு உதவியாளராக இருந்தவர். டார்ட்மத் கல்லூரியில் தாமஸ் கர்ட்ஸுடன் சேர்ந்து, அறிவியல் படிக்காத மாணவனும் ஒரு மதியத்தில் கற்றுக்கொள்ளக்கூடிய மொழி ஒன்றை உருவாக்கினார். பேசிக். 1964 மே 1 விடிகாலை நான்கு மணிக்கு அதன் முதல் நிரல்கள் ஓடின. கணினியை இயக்கிய அமைப்பை எழுதியதில் பெரும்பங்கு இளங்கலை மாணவர்களுடையது. நூலகத்தில் புத்தகத்தைத் தொட அனுமதி கேட்பதில்லை, கணினியும் அப்படி இருக்க வேண்டும் என்பது அவர்களின் எண்ணம். ஒரே கணினியைப் பலர் ஒரே நேரத்தில் பகிர்ந்துகொள்ளும் வசதி இருந்ததால் அது நடந்தது.

அதே டார்ட்மத்தில் ஆர்தர் லூர்மன் என்ற இயற்பியலாளர் 1972-இல் ஒரு கட்டுரை வாசித்தார். கணினி மாணவனுக்குச் சொல்லித்தர வேண்டுமா, மாணவன் கணினிக்குச் சொல்லித்தர வேண்டுமா என்பது அதன் தலைப்பிலேயே உள்ள கேள்வி. அவர் ஒரு கற்பனை நாட்டைக் காட்டுகிறார். அங்கே எழுத்தும் வாசிப்பும் சிலருக்கு மட்டுமே தெரிந்த தொழில்நுட்பம். அதைப் பள்ளிக்குக் கொண்டுவரத் திட்டம் போடுகிறார்கள். எப்படி? எழுதி வைத்த பாடங்களைக் கொண்டு பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவார்களாம். பிள்ளைகளுக்கே எழுதக் கற்றுக்கொடுத்தால் என்ன என்று அந்த நாட்டில் யாருக்கும் உறைக்கவில்லை. இலக்கியம் படிக்கிற நமக்கு இந்தக் கதையை விளக்க வேண்டியதில்லை. வாசகனாக மட்டும் இருந்துவிட்டுப் போ என்பதற்கும், நீயும் ஒரு வரி எழுதிப் பார் என்பதற்கும் உள்ள தூரம் நமக்குத் தெரியும்.

2000-ஆம் ஆண்டு வாக்கில் பைத்தான் மொழியில் விபைத்தான் வந்தது. அதைத் தொடங்கியவர் டேவிட் ஷெரர், அப்போது கார்னகி மெலன் பல்கலைக்கழக மாணவர். அங்கே ரூத் சபே, புரூஸ் ஷெர்வுட் இருவரும் நடத்திய முதலாண்டு இயற்பியல் வகுப்பில் முப்பரிமாணப் படம் வரையும் வேலையை மொழியே பார்த்துக்கொள்ளும், காலடி வைக்கும் வரிகளை மட்டும் மாணவர்களே எழுத வேண்டும். எனக்கு இது நியாயமான பங்கீடாகப் படுகிறது. நான் படித்த இடத்தில் நேர்மாறு: படமும் காலடியும் மென்பொருள் போடும், நாங்கள் வண்ணத்தைத் தேர்ந்தெடுப்போம். அந்த மென்பொருள்களைக் குறை சொல்லவில்லை, இன்றைக்கு என் சம்பளமே அவற்றால்தான். சொல்லித்தந்த வரிசையைத்தான் சொல்கிறேன். பொத்தான் முதலில் வந்துவிட்டது. படி வரவே இல்லை.

*

அடுத்த சனிக்கிழமை சித்தி வீட்டுக்குப் போனேன். அசைன்மெண்ட் அனுப்பியாகிவிட்டது, இனி மதிப்பெண்ணுக்கும் நாங்கள் செய்யப்போவதற்கும் சம்பந்தம் இல்லை. சாப்பாட்டு மேசையில் கணக்குத்தாளை விரித்து, ஃபைன்மேனின் அட்டவணையை மறைத்துவைத்துவிட்டு, தொடக்க எண்களை மட்டும் கொடுத்தேன். ஒரு கால்குலேட்டர்.

"கைலயா? எதுக்குண்ணே? கம்ப்யூட்டர்தான் இருக்கே."

நியாயமான எதிர்ப்பு. இதற்கு என்னிடம் உறுதியான பதில் இல்லை. கையால் போட்டால்தான் புரியும் என்பது பல சமயம் முந்தின தலைமுறை தன் கஷ்டத்தை அடுத்த தலைமுறைக்குக் கைமாற்றும் சாக்கு. லாகரிதம் அட்டவணை போனதற்காக நான் அழப்போவதில்லை. ஆகவே "ஆறு அடி மட்டும் போடு, அப்புறம் நிறுத்திக்கோ" என்றேன்.

முதல் மூன்று அடிக்கு முகம் இறுகியே இருந்தது. நான்காவதில் வர்க்கமூலத்தை மறந்துவிட்டு, கோள் எக்கச்சக்கமாகத் தூக்கி எறியப்பட்டது. அவளே திரும்பிப் போய்த் தவறைக் கண்டுபிடித்தாள். ஆறாவது அடியில் கோள் சூரியனின் தலைக்கு மேலே வந்து நின்றது. தூரம் கூடக்கூட இழுப்பு குறைவதை எண்ணிலேயே பார்த்துவிட்டு, "இனிமே இது மெதுவாயிடும், இல்ல?" என்றாள். ஆமாம், மெதுவாயிற்று. சித்தி மீன் குழம்பைக் கொண்டுவந்து வைக்க இடமில்லாமல் நின்றுகொண்டிருந்தார். இருபத்தோராவது அடிவரை போனோம். என் பங்குக்கு நான் பத்து அடி போட்டேன்.

சூரியனின் மறுபக்கத்தில் கோளின் தூரம் எங்கள் தாளில் 1.022. ஃபைன்மேனின் அட்டவணையைத் திறந்தோம். அதுவும் 1.022. கை தட்டினாள். சூரியனைப் பாதி சுற்ற ஆன நேரம் அவருடைய கணக்கில் 2.101. கெப்ளரின் மூன்றாம் விதிப்படி எவ்வளவு வர வேண்டும் என்று அவரே ஒப்பிட்டுக் காட்டுகிறார்: 2.082. நெருங்கி வந்திருக்கிறது. எல்லாம் சுபம்.

அப்போதுதான் அவள் மடிக்கணினியை எடுத்தாள். திருத்திய நிரலில் காலடியை 0.100-லிருந்து 0.010 ஆக்கினாள். மறுபக்கத் தூரம் 0.989.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். நிரலைச் சரிபார்த்தோம். பிறகு ஆற்றல் மாறாது என்ற விதியை மட்டும் வைத்து, காலடியே இல்லாமல், நேராகக் கணக்குப் போட்டேன். மூன்று வரிக் கணக்கு. 0.989. பாதி சுற்றுக்கான நேரம் 2.018.

அதாவது அந்தப் புகழ்பெற்ற அட்டவணையில் கோள் போக வேண்டியதைவிட நூற்றுக்கு மூன்று பங்கு அதிகத் தூரம் போயிருக்கிறது, நூற்றுக்கு நான்கு பங்கு தாமதமாக வந்திருக்கிறது. ஃபைன்மேன் கணக்கில் எங்கும் தவறவில்லை. காலடி நீளம், அவ்வளவுதான். சூரியனுக்குப் பக்கத்தில் கோள் வேகமாகத் திரும்புகிற இடத்தில் 0.1 என்பது பெரிய தாவல். அவர் செய்த சரிபார்ப்பு ஏன் இதைக் காட்டிக்கொடுக்கவில்லை? கெப்ளர் விதியில் அவர் போட்ட பாதையின் அளவு, அதே அட்டவணையில் இருந்து எடுத்த அளவு. பாதை பெரிதானால் நேரமும் கூடும் என்பதை விதி ஒப்புக்கொண்டு தலையாட்டிவிட்டது. சாட்சியும் அதே வண்டியில்தான் வந்திருக்கிறது.

ஃபைன்மேன் காட்ட வந்தது வேறு: எளிய விதி ஒன்றைப் பிடித்துக்கொண்டு அடி அடியாக நடந்தால் ஒரு கோளின் பாதையே கையில் வந்துவிடும் என்பது. அதை அந்த அட்டவணை காட்டுகிறது. ஆனால் என் தேர்வாளர் கேட்ட கேள்வியை அந்த அட்டவணையிடமும் கேட்கலாம் என்று எனக்கு அன்றுவரை தோன்றியதில்லை. எத்தனை முறை அந்தப் பக்கத்தைப் புரட்டியிருப்பேன்! பாதியாக்கினால் மாறுமா?

மாறும். காலடியைப் பாதியாக்கினால் பிழை ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காகும், அது நடுவேகத் தந்திரத்தின் கொடை. என் தங்கையின் முதல் நிரலில் பாதியாக்கினால் பிழை அதிகம் போனால் பாதியாகும். அன்றிரவு அதையும் ஓட்டிப் பார்க்கச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். குழம்பு ஆறிப்போயிருந்தது.

வீட்டுக்கு வந்து படுத்த பிறகு வாட்சாப்பில் ஒரு சின்ன அட்டவணை வந்தது. இடப்பக்கம் 0.1, 0.05, 0.02, 0.01. வலப்பக்கம் மறுபக்கத் தூரம், ஒவ்வொன்றும் இறங்கி இறங்கி 0.989-இல் உட்கார்ந்தது. அதற்குக் கீழே ஒரு வரி:

"அண்ணே, கோளுக்கு உங்க மூணு வரிக் கணக்கு இருக்கு, அதனால 0.01-ஐ நம்பலாம். அந்தக் கணக்கு இல்லாத விஷயத்துக்கு எதை நம்பறது?"

மணி 11.40. மறுநாள் எனக்குக் காலை ஷிஃப்ட். "0.005 போட்டுப் பார்" என்று அனுப்பினேன். "போட்டுட்டேன்" என்று பதில் வந்தது.